தோளுக்குப் பின்னால்

நுஸ்கி கொண்டுவந்த லான்சருக்குள்
ஏற்கெனவே ஒரு பார் நின்றது,
வெள்ளிப் பூச்சு மினுங்க.
தட்டிப் பார்த்தேன்.
தண்ணீர்க் குழாயின் சத்தம்.
கிணற்று மோட்டருக்கு வாங்கி
மிச்சத்தை வளைத்திருக்கிறான் யாரோ.
வளைத்த இடத்தில் குழாய்
சப்பிக் கிடந்தது,
மிதிபட்ட பப்பாசித் தண்டு போல.

"பார் கிடக்குது அண்ணன்,
ஹார்னஸை மட்டும் கொளுவித் தாங்க.
ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்."

ஊறணியில் மழை விட்டு அரை மணித்தியாலம்.
கால்விரிப்பைத் தூக்கினேன்.
தகரத்தில் ஒரு துளை,
ரெண்டு ரூபாய்க் குற்றியளவு வாசர்,
அதன் மேல் நட்டு.
ஸ்குரூடிரைவரின் முனையால் அமத்தினேன்.
வாவிக் காற்று தன் வேலையை முடித்திருந்தது.
அப்பத்தின் ஓரம் போல உடைந்தது.
நுஸ்கி சிரித்தான்.
துளைக்குள்ளால் சீமெந்துத் தரை தெரிந்தபோது
நிறுத்திவிட்டான்.

மனே,
தோணியைக் கட்டின கயிறு அறாது.
நட்ட கம்புதான் பிடுங்கிக்கொண்டு வரும்.
இந்தத் தகரத்துக்கு மேலே ஒரு தகடு,
கீழே ஒரு தகடு,
மூன்று மில்லிமீற்றர், உள்ளங்கையை விட அகலம்.
நடுவில் போல்ட்.
சந்தையில் கிலோக் கணக்கில் விற்கிற போல்ட் இல்லை,
தலையில் இலக்கம் வெட்டினது.

ஹெல்மெட்டோடு சீட்டில் இருத்தினேன்.
தலைக்கும் பாருக்கும் நடுவில்
என் நாலு விரல் போகவில்லை.
உன்னைக் காப்பாற்ற வந்தது
முதலில் உன் மண்டையைத்தான் உடைக்கும் என்றேன்.
இடுப்புப் பட்டியைச் சாரன் கட்டுகிற இடத்தில்
இழுத்து இறுக்கியிருந்தான்.
அங்கே இல்லை, இன்னும் கீழே,
எலும்பு தட்டுப்படுகிற இடத்தில்.
வயிறு எதையும் தாங்காது.
கவட்டுக்குள்ளால் ஒன்று வராவிட்டால்
பட்டிக்கு அடியால் வழுகிப் போவாய்.

"தோள் பட்டியைப் பின் தரையில் கொளுவினால் என்ன?
யதுர்சன்ட காருக்கு அப்படித்தானே நீங்க செய்த.
மூன்று தரம் உருண்டும்
ஆள் தப்பினான்தானே."

கையுறையைக் கழற்றினேன்.
ஒரு கை கழன்றது, மற்றது மாட்டிக்கொண்டது.

தப்பினான்.
குடும்பிமலைப் பக்கம், கிரவல் பாதை.
உருண்டு, நிமிர்ந்து,
கடைசியில் முதிரை மரத்தில் முட்டியது.
கூரை அமரவில்லை.
என் வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை.
அதைச் சொல்லிச் சொல்லி அன்றிரவு
ரெண்டு போத்தல் முடித்தேன்.

அவன் உடம்பு முன்னுக்குப் போக
தோளிலிருந்து தரைக்கு ஓடின பட்டி
கீழுக்கு இழுத்திருக்கிறது.
ஆஸ்பத்திரிப் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.
வரிசையில் ஒரு முள்
முன்பக்கம் நசிந்து, ஆப்புப் போல.
முக்கால் அங்குலம் குறைந்துவிட்டானாம்.
நெற்றியை வெட்டுகிற வீட்டுக் கண்ணாடியில்
இப்போது முடி தெரிகிறது என்று
அவன் பெண்சாதி சொன்னாள்,
பகிடி போல.
பொங்கலுக்குப் புக்கை அனுப்புகிறான் இன்னும்.

நுஸ்கி தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.
எவ்வளவு முடியும் என்று கேட்டான்.
சொன்னேன்.
ஞாயிற்றுக்கிழமைக்கு?
முடியாது.
பொருத்தில்லாத குழாய் கொழும்பிலிருந்து
பஸ்ஸில் வர வேண்டும்.

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு திறப்பை வைஸ் மேசையில் வைத்துவிட்டு
ஏறாவூருக்கு ஓட்டோ பிடித்தான்.

பழைய பாரை வெட்டிக் கழற்றினேன்.
கார் வெறுமையாய், சாதுவாய் நின்றது.
அவன் சீட்டில் ஏறி இருந்து
தோள் மட்டத்திலிருந்து பின்னால்
சோக்கால் ஒரு கோடு போட்டேன்,
நேரே,
பின்னுக்குப் போகப் போக
ஒரு விரல் மட்டும் சரிவாக.

இறங்கிப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது.
அவன் என்னை விடக் கட்டை.

எச்சில் தொட்டு அழித்தேன்.
நாளைக்கு வரட்டும்.